குமிழ் இல்லாத ரேடியோவைத் திருப்பி எடுத்துக்கொள்வது குறித்து

அன்பும் மதிப்பும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். நீங்களும் எங்கள் மகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்ற தைரியத்தில்தான் பேனாவைக் கையில் எடுத்திருக்கிறேன். நீங்கள் ஆசையோடு அனுப்பிவைத்த ரேடியோ பத்திரமாக வந்து சேர்ந்தது. அட்டைப்பெட்டி மிக நேர்த்தி. உள்ளே வைத்திருந்த பஞ்சு அதைவிட நேர்த்தி. பஞ்சுக்குள் இருந்ததைப் பற்றித்தான் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

மாப்பிள்ளையிடம் குறை சொல்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. ஆகவே கீழே வருவதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பஞ்சைப் பிரித்ததும் கையில் வந்தது சோப்பு டப்பாவைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு கறுப்புப் பெட்டி. அதன் முன்பக்கத்தைத் தேடினேன். திருப்பிப் பார்த்தேன், கவிழ்த்துப் பார்த்தேன். எந்தப் பக்கமும் முன்பக்கமாக இல்லை. ஒரு பச்சை விளக்கு, வயர் செருகச் சில துளைகள், அவ்வளவுதான். "ரேடியோவ மறந்துட்டு சார்ஜர மட்டும் அனுப்பிட்டாரு போல," என்றேன். "மாப்பிள்ளை அப்படியெல்லாம் மறக்கிற ஆள் இல்ல, உங்களுக்குத்தான் பார்க்கத் தெரியல," என்றாள் உங்கள் அத்தை. மகளுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "அதுதாம்ப்பா ரேடியோ. குமிழ், பொத்தான் எல்லாம் கம்ப்யூட்டர் திரையில வரும்," என்றாள். திரையில் வருகிற குமிழை எப்படியம்மா பிடிப்பது என்று கேட்டதற்கு அவள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன், மாப்பிள்ளை. கம்பியில் தொங்குகிற கண்டெய்னர் எந்தப் பக்கம் ஊசலாடப் போகிறது என்பது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும். வேலைக்குப் போன காலத்திலேயே லைசென்ஸ் வாங்கி, மொட்டைமாடியில் கம்பி கட்டி, உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற என்னைப் போன்ற பைத்தியங்களோடு ரேடியோவில் பேச ஆரம்பித்தவன். அதிலும் கைதான் எனக்கு எல்லாம். அந்தப் பெரிய குமிழை விரல் நுனியில் மெல்ல நகர்த்தினால் இரைச்சலுக்கு நடுவே ஒரு குரல் எட்டிப் பார்க்கும், இன்னும் ஒரு மயிரிழை நகர்த்தினால் ஆள் பக்கத்து நாற்காலிக்கு வந்துவிடுவார். இதை எப்படிச் செய்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. விரலைத்தான் கேட்க வேண்டும்.

இப்போது எனக்குக் குமிழ் ஏன் அவசரம் என்றால், கப்பல்காரரைக் காணவில்லை. அவர் கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கோ ஒரு தீவில் தனியாக இருக்கிறார். தானே செய்த ரேடியோவில், வாயைத் திறக்காமல், தந்தி அடிப்பது போல மோர்ஸ் மட்டும் தட்டுவார். பல வருஷமாகத் தினமும் சாயங்காலம், நாங்கள் இருவரும் வழக்கமாகச் சந்திக்கிற ஒரே இடத்தில், அதாவது ஒரே அலைவரிசையில், ஒருவரை ஒருவர் வம்புக்கிழுப்போம். நேரில் பார்த்ததில்லை. போன் நம்பர் வாங்கியதில்லை. நம்பர் கேட்டால் ரேடியோவுக்கு அவமானம் என்று இரண்டு பேருமே வீம்பாக இருந்துவிட்டோம். கார்டு போட்டால் பதில் போடுகிற ஜாதியும் அவர் இல்லை. அவர் திடீரென்று ஒருநாள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அன்றிலிருந்து குமிழைத் திருகித் திருகி அவரைத் தேடியதில்தான் என் பழைய ரேடியோ புகை விட்டு உயிரை விட்டது. அதைக் கேள்விப்பட்டுத்தான் நீங்கள் இந்தப் பெட்டியை அனுப்பினீர்கள். உங்கள் மனசு பெரிய மனசு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் வயசான ஆள், தனியாக இருக்கிறார், விழுந்து கிடக்கிறாரோ என்னவோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்த நேரத்தில் என் விரலைப் பிடுங்கிக்கொண்டு கையில் ஒரு மவுஸைக் கொடுத்தால் நான் என்ன செய்வேன்?

சரி, பழகிப் பார்ப்போம் என்று ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் ரேடியோ சங்கத்துக் கூட்டத்தில் அந்தப் பெட்டி வழியாகவே கலந்துகொண்டேன். எங்கள் சங்கத்தில் இரண்டு கட்சி உண்டு. ரேடியோ என்றால் குமிழ் வேண்டும் என்பது ஒன்று. அதற்குத் தலைவன் நான். எல்லாம் கம்ப்யூட்டரிலேயே இருக்கட்டும் என்பது மற்றொன்று. அதற்குத் தலைவர் கண்ணாடிக் கடைக்காரர். என் வீட்டில் குமிழ் இல்லாத பெட்டி இருப்பது அவருக்குத் தெரிந்தால் என் மானம் கப்பலேறிவிடும் என்று மூச்சுக்கூட விடாமல் இருந்தேன். என் முறை வந்தது. பழக்கதோஷம், மவுஸைத் தூக்கி வாய்க்கு நேரே பிடித்து, அதன் தலையில் இருந்த பொத்தானை அழுத்தி, "எல்லாருக்கும் வணக்கம்" என்றேன். கையில் பிடிக்கிற மைக்கை அழுத்தி அழுத்திப் பேசியே வளர்ந்தவன் வேறு எதை அழுத்துவேன்? ஒவ்வொரு அழுத்தலுக்கும் ரேடியோ இருந்த இடத்தை விட்டு எங்கோ தாவியது. கூட்டத்தைத் தேடிப் பிடித்து மறுபடி வணக்கம் சொன்னால் மறுபடி தாவியது. "ஏங்க, மவுஸ்கிட்ட என்ன பேசுறீங்க?" என்று உங்கள் அத்தை கேட்டபிறகுதான் அதைக் கீழே வைத்தேன்.

அப்புறம் திரையில் ஒரு சிவப்புக் கட்டத்தைக் கண்டுபிடித்து, அதைத் தட்டிவிட்டு, மேசை மைக்கில் பேசி முடித்து, கையை எடுத்தேன். பழைய ரேடியோவில் கையை எடுத்தால் ஒலிபரப்பு நின்றுவிடும். இந்த மகானுபாவனை மறுபடி ஒரு தட்டு தட்டினால்தான் நிற்குமாம். எனக்கு யார் சொன்னார்கள்? நான் நாற்காலியில் சாய்ந்துகொண்டு உங்கள் அத்தையிடம் மனம்விட்டுப் பேசினேன். கண்ணாடிக் கடைக்காரர் குரல் தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி இருக்கிறது என்றேன். இந்தக் குமிழில்லாத சனியன் என் வீட்டில் இருப்பது அவனுக்குத் தெரியவே கூடாது என்றேன். மாப்பிள்ளை நல்லவர்தான், ஆனால் கொஞ்சம் விவரம் போதாது என்றும் ஒரு வார்த்தை சொன்னேன், தயவுசெய்து மன்னிக்கவும். உங்கள் அத்தை எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தக் கட்டம் இன்னும் சிவப்பாவே இருக்கே, அது அப்படித்தான் இருக்கணுமா?" என்றாள். ஓடிப்போய் அணைத்தேன். பிறகு கண்ணாடிக் கடைக்காரர், "அண்ணே, உங்க குரல் இன்னிக்குக் கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கு. நல்ல பெட்டி. மாப்பிள்ளை எங்க வாங்கினாரு?" என்றார். அன்று நான் சாப்பிடவில்லை. சாயங்காலம்தான் சாப்பிட்டேன்.

அதோடும் நான் சோர்ந்துவிடவில்லை. குமிழ் இல்லாவிட்டால் என்ன, நாமே வைத்துக்கொள்வோம் என்று சமையலறைக்குப் போய், ஒரு பாத்திர மூடியின் குமிழைக் கழற்றி, மவுஸின் சக்கரத்தில் பசை போட்டு ஒட்டினேன். பசை உள்ளே இறங்கி, சக்கரம் மூடிக் குமிழோடு சேர்ந்து கல்லாகிவிட்டது. இப்போது வீட்டில் திருக முடியாத மவுஸ் ஒன்று, தூக்க முடியாத மூடி ஒன்று. மூடியை உங்கள் அத்தை இடுக்கியால் தூக்குகிறாள். தூக்கும்போதெல்லாம் என்னை ஒரு பார்வை பார்க்கிறாள்.

பக்கத்துக் கடையில் வேறு மவுஸ் வாங்கிவந்து கப்பல்காரரைத் தேட உட்கார்ந்தால், ஒரு தட்டுத் தட்டினால் பத்துத் தெரு தாண்டிப் போகிறது, திரும்பி வரச் சொன்னால் பதினோராவது தெருவில் நிற்கிறது. நடுவில் கம்ப்யூட்டர் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்கிறேன் என்று கண்ணை மூடிக்கொள்கிறது. திரையின் பாதியில் நீலமாக ஏதோ மேலிருந்து கீழே வழிந்துகொண்டே இருக்கிறது. அதற்கு அருவி என்று பெயராம். எங்கெங்கே யார் பேசினாலும் அதில் ஒரு வெளிச்சக் கோடாக விழுமாம். ரேடியோவைக் காதால் கேட்பதா, கண்ணால் பார்ப்பதா? உங்கள் அத்தைக்கு மட்டும் அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. கத்தரிக்கோலும் துணியுமாக அதன் எதிரே உட்கார்ந்து தைத்துக்கொண்டே பார்க்கிறாள். "டீவி நாடகத்தவிட இது தேவல, யாரும் அழறதில்ல," என்கிறாள்.

ஆகவே மாப்பிள்ளை, நான் உங்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். அடுத்த முறை வரும்போது இந்தப் பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு, பழையதானாலும் பரவாயில்லை, முகத்தில் ஒரே ஒரு பெரிய குமிழ் உள்ள ரேடியோவாகப் பார்த்துக் கொடுங்கள். கப்பல்காரர் உயிரோடு இருந்தால் வழக்கமான அந்த இடத்தில்தான் இருப்பார். அந்த இடத்தை என் விரல் கண்டுபிடிக்கும். கம்ப்யூட்டரால் ஆகாது.

உங்கள் உத்தியோகம் மேன்மேலும் உயர வேண்டும், இருவரும் நோய்நொடியில்லாமல் நூறு வருஷம் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் மனமார வாழ்த்துகிறோம். மகளுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள மாமனார்

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து உறையில் போட்டு ஒட்டப்போகும்போது உங்கள் அத்தை, "ஏங்க, இந்தக் கோடு மட்டும் ஏன் நடுங்கி நடுங்கி வருது?" என்றாள். "அது யார் வீட்டு ட்யூப்லைட் இரைச்சலோ, விடு," என்றேன். அவள் விடவில்லை. தையலைக் கீழே வைத்துவிட்டுத் தானே மவுஸைப் பிடித்து அந்தக் கோட்டின் மேல் தட்டினாள். மோர்ஸ் கேட்டது. தட்டுகிற கை சற்று நொண்டியது. உலகத்தில் அப்படி நொண்டித் தட்டுகிற கை ஒன்றுதான் உண்டு, மாப்பிள்ளை. என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பெட்டியில் மோர்ஸ் தட்டுகிற கட்டையைச் செருகவும் ஒரு துளை வைத்திருக்கிறார்கள், மகராசன்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பதில் தட்டினேன். எடுத்த எடுப்பில் திட்டினார்: "எங்கே போய்த் தொலைந்தீர்? தினமும் நம் இடத்தில் நின்று தொண்டை கிழியக் கூப்பிடுகிறேன்." நம் இடத்தில் இல்லையே, வெகுதூரம் தள்ளியல்லவா நிற்கிறீர் என்றேன். இரும், குமிழைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். அப்புறம் மெதுவாக வந்தது: அவருடைய ரேடியோவில் குமிழின் ஆணி கழன்றிருக்கிறதாம். இத்தனை நாளும் அவர் திருகத் திருகக் குமிழ் மட்டும்தான் சுற்றியிருக்கிறது, ரேடியோ நின்ற இடத்தை விட்டு நகரவே இல்லை.

நீங்கள் எதையும் எடுத்துக்கொண்டு போக வேண்டாம். மேலே எழுதியதில் வாழ்த்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். ஆணியைத் தேடப் போகிறேன் என்றார் கப்பல்காரர். தேட வேண்டாம் என்று தட்டினேன். எங்கே நின்று வேண்டுமானாலும் கூப்பிடும், இங்கே என் வீட்டுக்காரி அருவியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்றேன்.