சிவப்பு வில்லை தீர்ந்துபோன காலை

உலகத்தில் நான் படுக்காத ஆஸ்பத்திரிக் கட்டில் கிடையாது. சரி, கொஞ்சம் ஊதிப் பெருக்கித்தான் சொல்கிறேன். இரண்டே கட்டில், அதில் ஒன்று பிரசவத்துக்கு. ஆனால் முன்னுரிமைக்காரர் என்ற இனத்தை அடையாளம் காண ஒரு கட்டில் போதும்.

நீங்களும் பார்த்திருப்பீர்கள். எந்த வேலையை முதலில் செய்வது என்று தீர்மானிப்பவர், அதற்கும் முன்னால் எப்படித் தீர்மானிப்பது என்று தீர்மானிப்பவர், அதையெல்லாம் முடித்து நிமிரும்போது மதியச் சாப்பாடு வந்துவிட, "அப்பப்பா, இன்னிக்கு எவ்வளவு வேலை!" என்று நெற்றியைத் துடைத்துக்கொள்பவர்.

எங்கள் வார்டில் இருந்தவர் நர்ஸாகச் சேர்ந்து பராமரிப்பு மேலாளராக உயர்ந்தவர். யாருக்கு என்ன கவனிப்பு, யார் எப்போது வீட்டுக்குப் போகலாம் என்பதெல்லாம் அவர் கையில். நாங்கள் வைத்த பெயர் முன்னுரிமை சிஸ்டர்.

காலையில் வந்ததும் நோயாளிகளைப் பார்ப்பாரா? நல்ல கதை! சுவரிலிருக்கும் வெள்ளைப் பலகையைப் பார்ப்பார். எங்கள் பெயர்களுக்குப் பக்கத்தில் காந்த வில்லைகள் ஒட்டுவார். சிவப்பென்றால் உடனே, மஞ்சளென்றால் சற்றுப் பொறுத்து, பச்சையென்றால் கடவுள் விட்ட வழி. முகம் பலகைக்கு, முதுகு எங்களுக்கு. "சிஸ்டர், ட்ரிப்ஸ் காலியாயிடுச்சு" என்று கத்தினால் திரும்பாமலே பதில் வரும்: "போர்டுல ஏத்திட்டேம்மா. ஏத்தியாச்சுன்னா நடந்த மாதிரிதான்."

பக்கத்துக் கட்டிலில் பித்தப்பைக் கல் எடுத்த டீச்சர். அவர் மகள் அன்று சாயங்காலம் வெளிநாட்டு வேலைக்கு விமானம் ஏறுகிறாள். ஆஸ்பத்திரி உடுப்போடு அவளை வழியனுப்ப டீச்சருக்கு மனமில்லை. வீட்டு வாசலில் நின்று கையசைக்க வேண்டும். டாக்டர் போகலாம் என்று சொல்லியாயிற்று. சிஸ்டரின் ஒரு கையெழுத்துதான் பாக்கி. டீச்சருக்குச் சிவப்பு வில்லையும் கிடைத்துவிட்டது.

அப்புறம் எல்லாமே அவசரமாயிற்று. எக்ஸ்ரே அவசரம், கிழிந்த திரைச்சீலை அவசரம், நேற்று செய்யாத அவசரங்களும் அவசரம். சிவப்பு வில்லைகள் தீர்ந்துபோயின. சிஸ்டர் பதறிப்போய், "சிவப்பு வில்லை வாங்க வேண்டும்" என்று பலகையில் எழுதினார். இதைவிட அவசரம் வேறுண்டா? அதற்கும் சிவப்பு வேண்டுமே! டீச்சருடையதைப் பிய்த்து அங்கே ஒட்டினார்.

"சிஸ்டர், நான் பச்சைக்குப் போயிட்டேனா?"

"பச்சைன்னா நல்ல நிறம்தானே டீச்சர்? டென்ஷனாகாதீங்க."

சொல்லிவிட்டு வில்லை வாங்கக் கிளம்பிவிட்டார்.

எனக்கு வந்ததே கோபம்! மாவுக்கட்டுக் காலோடு சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு பலகையை நெருங்கினேன். என் காலுக்குள் இரும்புக் கம்பி. வில்லைகளெல்லாம் தாமாகவே துள்ளி வந்து என் முழங்காலில் அப்பிக்கொண்டன. போர்வையை இழுத்து மூடினேன்.

சிஸ்டர் திரும்பி வந்தார். பலகை மொட்டையாக நின்றது. கையிலிருந்த வில்லைப் பொட்டலம் நழுவியது.

"ஐயோ, இப்ப யாரை முதல்ல பார்க்கிறது?"

"என்னைப் பாருங்களேன்," என்றார் டீச்சர்.

வேறு வழியில்லாமல் சிஸ்டர் திரும்பினார். மனித முகத்தைக் கண்டு கொஞ்சம் திடுக்கிட்டார். கையெழுத்துப் போட்டார். என் வாயிலிருந்த மாத்திரை கரைவதற்குள் வேலை முடிந்தது. டீச்சர் வாசலில் நின்று, கை வலிக்க வலிக்க அசைத்தாராம்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். எதைத் தள்ளிவைத்துவிட்டு இதைப் படிக்கிறீர்கள், அதற்கு என்ன நிறம் என்று மட்டும் ஒருமுறை யோசித்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில், என்னைப் பார்க்க வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் டீச்சர், நான் எழுதுவதை எட்டிப் பார்த்துச் சிரிக்கிறார்.

"அக்கா, உங்க காலுல ஏது கம்பி? வெறும் மாவுக்கட்டுதானே! வில்லையெல்லாம் உருவி என் தலையணை உறைக்குள்ள போட்டது நான். நீங்க எந்த நிறத்தை முதல்ல எடுக்கிறதுன்னு போர்டு முன்னாடி உக்காந்து யோசிச்சிக்கிட்டே இருந்தீங்க."