மிளகாய்க் கொப்போடு வருகிறவர்

தோட்டம் பார்க்க வருகிறவர் என்று எங்கள் ஊர்ப்பக்கம் ஓர் இனம் இருக்கிறது. அவருக்குத் தோட்டம் இல்லை. தோட்ட வேலையும் இல்லை. ஆனால் நீங்கள் மண்வெட்டியோடு நின்று பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறிக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்துச் சைக்கிளை வேலியோடு சாத்திவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டி, கையைப் பின்னால் கோத்துக்கொண்டு வரம்பால் நடந்து வந்து, பயிரை ஒரு பார்வை, உங்களை ஒரு பார்வை பார்த்து, "ச்சு" என்பார். அவ்வளவுதான். அன்றைக்கு உங்களுக்குச் சோறு இறங்காது.

அளவெட்டியில் அவருக்குப் பெயர் பஞ்சலிங்கம். உங்கள் ஊரில் வேறு பெயராக இருக்கலாம். எங்கள் பஞ்சலிங்கம் அண்ணை சங்கக்கடையில் மனேச்சராக இருந்து பென்சன் எடுத்தவர். கெட்ட மனிசன் இல்லை, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செத்தவீடென்றால் முதல் ஆளாக வந்து கதிரை இறக்குவார். ஒரேயொரு குறை, ஒரு தோட்டத்தில் கண்டதை அடுத்த தோட்டத்தில் சொல்லாவிட்டால் அவருக்குச் செமிக்காது. தொடங்கும்போது, "எனக்கென்ன, கண்டதைச் சொல்லுறன்" என்பார். முடிக்கும்போது, "நான் சொன்னதெண்டு சொல்லிப்போடாதை" என்பார். இரண்டுக்கும் நடுவில் ஒருத்தனின் மானம் போயிருக்கும்.

போன மாதம் சுதாகரனின் தோட்டத்தில் இரண்டே இரண்டு மிளகாய்ச் செடி இலை சுருண்டு நின்றது. இலைக்கு அடியில் வெள்ளை ஈ. சுதாகரன் பாட்டுக்குப் பிடுங்கிப் புதைத்திருப்பான். அதற்குள் அண்ணை வந்துவிட்டார். வெறும் வாயால் சொன்னால் ஆர் நம்புவது? அத்தாட்சி வேண்டாமா? ஒரு கொப்பின் மேல் சொப்பிங் பையை மெல்லக் கவிழ்த்து, இலை உதிராமல் பக்குவமாக முறித்து, பையின் வாயை முறுக்கிச் சைக்கிள் ஹாண்டிலில் கொழுவினார்.

அடுத்த தோட்டத்தில் பையைத் திறந்து உதறிக் காட்டினார். "பார், சுதாகரனின்ரை நிலைமை." அங்கே தேத்தண்ணி. அதற்கடுத்த தோட்டத்திலும் ஓர் உதறல், ஒரு தேத்தண்ணி. கொப்பு வாடினால் போய்ப் புதுக் கொப்பு முறிப்பார், அந்த விசயத்தில் அவர் வெகு நேர்மை. சுதாகரனின் இரண்டு செடி மூன்றாவது தோட்டத்தில் இரண்டு வரிசையானது. ஐந்தாவது தோட்டத்தில் சுதாகரனுக்கு மிளகாயே இல்லை. அந்த நேரம் அவன் சந்தைக்குக் கொண்டுபோக மிளகாய் ஆய்ந்துகொண்டு நின்றான், பாவம்.

ஆறாவது தோட்டத்தில் நாலைந்து பேர் நின்றோம். "அவன் கன்று எங்கை எடுத்தவன்?" என்று ஒருவர் கேட்டார். "துஷாந்தினியிட்டையாக்கும்" என்று இன்னொரு வாய் சொன்னது. அந்த வாயைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

துஷாந்தினி வீட்டுக் கோடிப்புறத்தில் மெல்லிய வலையால் வீடு மாதிரி அடைத்து, அதற்குள் மிளகாய்க் கன்று வளர்த்து விற்கிறவள். அதற்கு இரண்டு கதவு. ஒன்றைச் சாத்தாமல் மற்றதைத் திறக்கக் கூடாது. புருசன் தோட்டத்தால் வந்தால் குளித்து உடுப்பு மாற்றாமல் அவனைக்கூட உள்ளே விடமாட்டாள். அவள் கன்றுக்கு நோய், வருத்தம் வராது என்ற ஒரு பேரை வைத்துத்தான் அந்தக் குடும்பம் நிமிர்ந்தது. இந்தப் போகத்துக் கன்று முழுக்க அப்போது தட்டுத் தட்டாக உள்ளே நின்றது. கொடுக்க இன்னும் மூன்று கிழமை.

இரண்டு நாளில் மூன்று பேர் போன் எடுத்தார்கள். "கன்று இப்ப வேண்டாம் அக்கா, பார்த்துச் சொல்லுறம்." ஏனென்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்வதற்கென்று இருக்கிறவர்தானே சொல்ல வேண்டும்? அண்ணை போனார்.

"பிள்ளை, உன்னைப் பற்றி ஆக்கள் ஒரு மாதிரிக் கதைக்கினம். எனக்கு மனம் கேக்கேல்லை."

"என்னெண்டு?"

"உன்ரை கன்றிலை வருத்தமாம்."

"ஆர் சொன்னது?"

"உதெல்லாம் கேக்காதை. ஒருக்கால் உள்ளுக்கை காட்டு. நான் பார்த்துச் சொன்னால் சனம் நம்பும்."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. வெளியாள் ஒருவருக்கும் திறக்காத இரண்டு கதவையும் திறந்தாள். அண்ணை தட்டுத் தட்டாகக் குனிந்து பார்த்தார். "ஒரு குறையும் இல்லை. சுதாகரனின்ரை எப்பிடி இருக்கு, உன்ரை எப்பிடி இருக்கு, நீயே பார்" என்று பையைத் திறந்து, கன்றுகளுக்கு மேலே பிடித்து, நன்றாக உதறினார்.

திரும்பி வந்து துஷாந்தினியின் கன்று திறம் என்று இரண்டு தோட்டத்தில் சொல்லவும் சொன்னார். நல்ல செய்தி, தேத்தண்ணி கிடைக்கவில்லை. மூன்றாவது தோட்டத்துக்கு அவர் போகவில்லை.

மூன்றாம் கிழமை துஷாந்தினியின் கன்றுகள் தட்டோடு சுருண்டன. "எனக்கென்ன, சனம் அப்பவே சொன்னது" என்றார் அண்ணை. கன்றுகளைப் பார்க்க விவசாயப் போதனாசிரியை ஆரபி வந்தார். நாங்களும் கூடினோம், வேடிக்கை என்றால் விடுவோமா?

"ஈ சுருண்ட இலையிலை சாறு குடிக்கேக்கை வைரசும் வயித்துக்குள்ளை போகுது" என்றார் ஆரபி. "அது அங்கையே செமிச்சு முடிஞ்சிருக்க வேணும். ஆனால் ஈயின்ரை உடம்பிலை இருக்கிற சில புரதங்கள் வைரசைப் பிடிச்சு, அழியவிடாமல், குடலைத் தாண்டி எச்சிலுக்குக் கொண்டுபோய் விடுது. பிறகு ஈ எந்த இலையிலை குத்துதோ, அந்தச் செடிக்கு வருத்தம்."

"உந்தப் புரதத்துக்கு இதாலை என்ன லாபம், தங்கச்சி?" என்று அண்ணை கேட்டார்.

"ஒண்டுமில்லை ஐயா. அதுக்கு ஈயின்ரை உடம்பிலை வேற வேலை இருக்கு. வைரசு வந்து ஒட்டுது, அது காவுது."

"சீ, என்ன பிறவி உது" என்றார் அண்ணை. உண்மையாகவே கோபப்பட்டார்.

துஷாந்தினி கேட்டாள்: "அது சரி, என்ரை வலைக்குள்ளை ஈ எப்பிடி வந்தது?"

அவள் அண்ணையின் முகத்தைப் பார்க்கவில்லை, வேலியோடு நின்ற சைக்கிளைத்தான் பார்த்தாள். ஹாண்டிலில் பை தொங்கியது. அன்றைய கொப்பு அதற்குள் இருந்தது. பையின் உள்பக்கத்தில் வெள்ளை வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்ததை ஆரபியும் கண்டார், நாங்களும் கண்டோம். கடைசியாக அண்ணை கண்டார்.

போய்ப் பையின் வாயை முடிச்சுப் போட்டார். அதற்கு மேல் இன்னொரு முடிச்சு. "பிள்ளை, நான்..." என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கன்று பிடுங்கக் குனிந்தார். பொழுதுபடும்வரை பிடுங்கி எரித்தோம். அன்றைக்கு அவர் வேறு தோட்டத்துக்குப் போகவில்லை. அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. வெறும் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்த துஷாந்தினியை என்னால் பார்க்கவே முடியவில்லை.

நான் ஏன் கன்று பிடுங்கினேன் என்று கேளுங்கள். அந்த ஆறாவது தோட்டம் என்னுடையது. அந்த வாயும் என்னுடையதுதான். சுதாகரன் கன்று எடுத்தது வேறெங்கோ, அது எனக்குப் பிறகுதான் தெரியும். நான் பொய் சொல்லவில்லை. "ஆக்கும்" என்றுதானே சொன்னேன்? பையைக்கூட நான் தொடவில்லையே?

சரி, என்னை விடுங்கள். இதை வாசிக்கத் தொடங்கியதிலிருந்து உங்களுக்கு ஒரு முகம் ஞாபகத்தில் நிற்கிறது, எனக்குத் தெரியும். "அச்சொட்டாய் எங்கடை இன்னாரைப் பற்றித்தான் எழுதியிருக்கு" என்று யாரிடம் முதலில் சொல்வதென்றும் யோசித்துவிட்டீர்கள். கையில் போனையும் எடுத்துவிட்டீர்கள். ஒருக்கால் பொறுங்கோ. அந்தப் பெயர் உங்கடை வயித்துக்குள்ளேயே கிடந்து செமிக்கட்டும்.