அஞ்சு பக்க மனு

மந்தைவெளிக்குப் பின்னால், கால்வாயை ஒட்டி எண்பத்தாறு வீடுகளோடு இருந்த ராசாத்தி தோட்டம் இன்றைக்கு ஏன் இல்லை என்று கேட்டால், அங்கே வாழ்ந்தவர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். சிலர் ஆட்சியைச் சொல்வார்கள். சிலர் அதற்கு முந்தைய ஆட்சியைச் சொல்வார்கள். மழை வெள்ளத்தின் மேல் பழி போடுகிறவர்களும் உண்டு. எல்லாம் நான் பக்கத்தில் இருக்கும்போது மரியாதைக்காகச் சொல்வது. நான் இல்லாதபோது என் பெயரைச் சொல்வார்கள். அதில் பாதிக்கு மேல் உண்மை இருக்கிறது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

அப்போது நான் அரசியல் அறிவியலில் எம்.ஏ. இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். நைனா ஆட்டோ ஓட்டினார். அம்மா மயிலாப்பூரில் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்தாள். எங்கள் தோட்டத்திலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண் நான்தான் என்பதால், நான் பேச ஆரம்பித்தால் பெரியவர்கள்கூட டிவி சத்தத்தைக் குறைப்பார்கள். ஒருத்தியைக் கெடுக்க இது போதும். குடியுரிமை, உள்ளாட்சி, மக்கள் பங்கேற்பு என்று வகுப்பில் கேட்டதையெல்லாம் அன்றன்றைக்குச் சூடு ஆறாமல் கொண்டுவந்து குழாயடியில் பரிமாறுவேன். (குடம் நிறையும்வரை அவர்களால் நகர முடியாது. பாவம்.)

எங்கள் எண்பத்தாறு வீட்டுக்கும் ஒரே பொதுக் கழிப்பறை. பெண்கள் பக்கம் நான்கு அறைகள். அதில் இரண்டுக்குக் கதவு கிடையாது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி புடவைத் தலைப்பை விரித்துப் பிடித்துக்கொண்டு வெளியே நிற்பாள். அந்த வருடம் ஜூலையில் பெய்த மழைக்குப் பிறகு அங்கே இருந்த ஒரே விளக்கும் எரியாமல் போனது. பக்கத்து வீட்டு பேபி அக்காவின் மகள் ரேவதி, பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தவள், விடியற்காலை இருட்டில் அங்கே வழுக்கி விழுந்து கையை உடைத்துக்கொண்டாள். மாவுக்கட்டோடு அவள் திரும்பி வந்ததைப் பார்த்ததும் என் அரசியல் அறிவியல் கொதித்துவிட்டது.

வழக்கம்போல எல்லோரும் துரை அண்ணனிடம் போனார்கள். அவர் ஒரு கட்சியின் வட்டச் செயலாளர். எந்தக் கட்சி என்பது முக்கியமில்லை, அவரே இரண்டு முறை மாறியிருந்தார். மெயின் ரோட்டில் பட்டா உள்ள மாடி வீடு அவருக்கு. எங்களுக்குக் குழாய் வந்தது, கரண்ட் மீட்டர் வந்தது, ரேஷன் கார்டு வந்தது எல்லாம் அவர் வழியாகத்தான். எல்லாமே ஏதாவது ஒரு தேர்தலுக்கு முன்னால் வந்தன. எதற்கும் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. யாரோ யாரிடமோ பேசுவார்கள், ஒரு நாள் காலையில் ஆள் வந்து பள்ளம் தோண்டுவான், அவ்வளவுதான்.

“கதவு தான, தேர்தல் வருதில்ல, வாங்கித் தரேன்” என்றார் துரை அண்ணன்.

“அது யாரும் வாங்கித் தர்றது இல்லண்ணா. எங்க உரிமை. நான் மனு எழுதப் போறேன்” என்றேன்.

அவர் வாயிலிருந்த பாக்கை ஒதுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். “எழுதாத பாப்பா. வாயால கேட்டா மறந்துடுவானுங்கோ, நாம திரும்பப் போயி கேக்கலாம். எழுதிக் குடுத்தா எவனாச்சும் படிச்சிட்டு வருவான்.”

“படிக்கிறதுக்குத்தாண்ணா எழுதறது.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் ஜெயித்துவிட்டேன். வாழ்க்கையில் நான் ஜெயித்த வாதங்கள் மிகவும் குறைவு. அதில் ஒன்று இப்படியா அமைய வேண்டும்.

மனு அஞ்சு பக்கம் வந்தது. சும்மா ‘கதவு வேண்டும், விளக்கு வேண்டும்’ என்று நாலு வரி எழுதியிருக்கலாம். எம்.ஏ. படிக்கிறவள் அப்படி எழுதுவாளா? இணைப்பு ஒன்று, எண்பத்தாறு குடும்பங்களின் பெயர்ப் பட்டியல், எத்தனை பேர், எத்தனை வருடமாக. இணைப்பு இரண்டு, தோட்டத்தின் வரைபடம். தையல்காரரிடம் டேப் வாங்கி, ஒரு முனையை ரேவதி நல்ல கையால் பிடித்துக்கொள்ள, ஒவ்வொரு வீடும் கால்வாய் விளிம்பிலிருந்து எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்று நானே அளந்து குறித்தேன். (கொசுத்தொல்லையை நிரூபிப்பதற்காக.) கடைசிப் பக்கத்தில் படிப்பவர் மனம் உருக வேண்டும் என்று ஒரு வாக்கியம் எழுதினேன்: ‘மழைக்காலங்களில் இவ்வீடுகள் மனிதர் வாழத் தகுதியற்றவையாக உள்ளன.’ அதை எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கியது.

எண்பத்தாறு வீட்டிலும் கையெழுத்து வாங்கினேன். பேபி அக்கா கைநாட்டு வைத்துவிட்டு, “நம்ம வீட்டாண்ட வெளக்கு வருமில்ல கவிதா?” என்று கேட்டார். “கண்டிப்பா வரும்க்கா” என்றேன்.

மாநகராட்சி அலுவலகத்தில் என்னை மூன்று மேசைகளுக்கு அலையவிட்டு, நாலாவதாக ஓர் அதிகாரியிடம் அனுப்பினார்கள். நல்ல மனிதர். இன்றுவரை அவரைப் பற்றி என்னால் கெட்டதாக எதுவும் சொல்ல முடியவில்லை. அஞ்சு பக்கத்தையும் பொறுமையாகப் படித்தார். வரைபடத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“இந்த மேப் நீங்களே போட்டதாம்மா?”

“ஆமா சார்.”

“ஸ்கேல்லாம் போட்டிருக்கீங்க. எங்க ஆளுங்களே இவ்ளோ சுத்தமா போட மாட்டாங்க. காப்பி எடுத்துக்கலாமா?”

“ஒரிஜினலே வச்சுக்கோங்க சார்” என்றேன்.

இந்தக் கடைசி வரியை அன்றைக்கு வீட்டில் மூன்று முறை நடித்துக் காட்டினேன்.

இரண்டு மாதம் கழித்து நாலு பேர் பெயிண்ட் டப்பாவோடு வந்தார்கள். அவர்கள் கையில் என் வரைபடத்தின் நகல் இருந்தது. என் கையெழுத்தை நானே அடையாளம் கண்டு பூரித்துப் போனேன். அன்று கல்லூரிக்கு மட்டம் போட்டுவிட்டு, வீடு வீடாக அவர்களை அழைத்துப்போனது நான்தான். ஒவ்வொரு வாசலிலும் சிவப்பு எண் எழுதினார்கள். பேபி அக்கா வேலைக்குப் போயிருந்ததால் அவர் வீடு பூட்டியிருந்தது. தாண்டிப் போனவர்களைக் கூப்பிட்டு நிறுத்தி அதற்கும் எண் போட வைத்தேன். (அது ஒன்றைத்தான் பிறகு யாரும் குறை சொல்லவில்லை. எண் இல்லாதவர்களுக்கு மாற்று வீடும் இல்லை.) அம்மா அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தாள்.

“டாய்லெட்டுக்குத்தானே சார்?” என்று கேட்டேன்.

“எல்லாத்துக்கும் சேத்துதாங்க” என்றார் பெயிண்ட் டப்பா வைத்திருந்தவர். அவரும் பொய் சொல்லவில்லை.

அடுத்த மாதம் பக்கத்துப் பள்ளிக்கூட மைதானத்தில் கூட்டம் என்று சொல்லி எல்லோரையும் வரச் சொன்னார்கள். தீபாவளிக்கு எடுத்த சுடிதாரைப் போட்டுக்கொண்டு முதல் வரிசையில் போய் உட்கார்ந்தேன். அதே அதிகாரிதான் மைக்கைப் பிடித்தார். கால்வாய்க் கரையைச் சீரமைக்கப் போகிறார்கள், விளிம்பிலிருந்து இத்தனை அடிக்குள் இருக்கும் வீடுகளை எடுத்தாக வேண்டும், எல்லோருக்கும் ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் வீடு தயாராக இருக்கிறது என்றார். கூட்டம் சலசலத்தது. யாரோ பின்னாலிருந்து, “நாங்க இன்னா கேட்டோம், நீ இன்னா சொல்லிகினுகீற?” என்று கத்தினார்கள்.

அதிகாரி கையைக் காட்டி அமைதிப்படுத்தினார். “இது நாங்களா சொல்றது இல்லம்மா. உங்க ஏரியாவுல படிச்ச பொண்ணே எழுதிக் குடுத்திருக்காங்க.” காகிதத்தைப் பிரித்து என் வாக்கியத்தைப் படித்தார். மனிதர் வாழத் தகுதியற்றவை. ஒலிபெருக்கியில் கேட்கும்போது இன்னும் நன்றாகத்தான் இருந்தது. “வேற எந்த இடத்துலயும் எங்களுக்கு இவ்ளோ ஒத்துழைப்பு கிடைச்சதில்ல. கவிதா மேடத்துக்கு எல்லாரும் ஒருமுறை கை தட்டுங்க.”

அலுவலக ஆட்கள் நாலு பேர் தட்டினார்கள்.

என் முதுகுக்குப் பின்னால் எண்பத்தாறு குடும்பங்கள் உட்கார்ந்திருந்தன. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பேபி அக்காதான் எழுந்து முன்னால் வந்து என் பக்கத்தில் நின்றார். சத்தம் போடவில்லை. “இன்னா எழுதின நீ?” என்று மட்டும் கேட்டார். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் கேட்ட அந்தக் கேள்விக்கு என்னிடம் அஞ்சு பக்கம் இருந்தது, பதில் இல்லை.

மறுநாள் காலையில் அலுவலகம் திறப்பதற்கு முன்பே போய் நின்றேன்.

“சார், அந்த மனுவை வாபஸ் வாங்கிக்கறேன்.”

“மனுவ வாங்கிக்கலாம்மா. மேப்ப எப்படி வாங்குவீங்க? அது கோப்புல ஏறிடுச்சு.” என் முகத்தைப் பார்த்ததும் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். “நீங்க எழுதலைன்னாலும் வந்திருப்போம்மா. சர்வே எடுக்க ஆள் இல்லாம கிடந்தது. ஒரு வருஷம் லேட்டாகியிருக்கும், அவ்ளோதான். மனசுல வச்சுக்காதீங்க.”

ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அந்த ஒரு வருஷம்தான் மனதில் நின்றது. ஒரு வருஷத்தில் ரேவதி பன்னிரண்டாம் வகுப்பை முடித்திருப்பாள்.

வீடுகளை எடுத்தபோது அவளுக்குப் பரீட்சைக்கு மூன்று மாதம் இருந்தது. லாரிகள் வந்தன. கட்டில், பீரோ, கோழிக்கூண்டு, கடவுள் படம் என்று எல்லாம் ஏறியது. துரை அண்ணன் மெயின் ரோட்டில் தன் வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வண்டி அவரைக் கடக்கும்போது கிட்டே வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

“என் மொத்த ஓட்டையும் மூட்ட கட்டி ஏத்திட்டியே பாப்பா” என்றார். அதற்குப் பிறகு அந்தக் கட்சியில் அவருக்கு வேலை இல்லாமல் போனது. எண்பத்தாறு வீட்டை வைத்திருந்தவரை வட்டம் என்பார்கள். ஒரு வீட்டை மட்டும் வைத்திருப்பவருக்கு என்ன பெயர்?

இரண்டு வருடம் அரசு, அதிகாரம் என்று நான் பரீட்சைக்கு எழுதிய எதிலும் துரை அண்ணன் வரவில்லை. பட்டா இல்லாதவர்களுக்கு அரசாங்கத்தின் மறதிதான் பாதுகாப்பு. அதைக் கலைக்காமல் கதவும் குழாயும் கேட்டு வாங்குவது ஒரு தொழில். அதை அவர் சுமாராகச் செய்துகொண்டிருந்தார். நான் போய் அரசாங்கத்துக்கு ஞாபகப்படுத்திவிட்டு வந்தேன்.

புது வீடு நாலாவது மாடி. மயிலாப்பூருக்கு இரண்டு பஸ் மாறி இரண்டு மணி நேரம். அம்மா ஆறரைக்குப் பதில் ஒன்பதுக்குப் போய் நின்றாள். “நீ வந்து தேய்ச்சுத்தான் எங்காத்துல காப்பியே போடணும்னா நான் என்ன பண்றது, சொல்லு” என்று ஒரு மாமி வருத்தத்தோடுதான் நிறுத்தினார். இன்னொரு வீட்டில் வருத்தம்கூட இல்லை. மூன்றில் ஒரு வீடு மிஞ்சியது. நைனா பழைய ஸ்டாண்டை விட மனமில்லாமல் பாதி நாள் ஆட்டோவிலேயே தங்கினார்.

ரேவதி ஒரு மாதம் பழைய பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்தாள். பிறகு வாரத்துக்கு மூன்று நாள் போனாள். பிறகு போகவில்லை. நான் போய்க் கெஞ்சினேன். “பஸ்ஸுல நின்னுகினே தூங்கறேன்க்கா. வுடு” என்றாள். இப்போது தி.நகரில் ஒரு துணிக்கடையில் புடவை பிரித்துக் காட்டுகிறாள். பேபி அக்கா அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. மாடிப்படியில் எதிரே வந்தால் ஒதுங்கி வழி விடுவார். அதுதான் கஷ்டமாக இருக்கும்.

இதற்கிடையில் பழைய முகவரிக்குப் போய்த் திரும்பி, என்னைத் தேடி ஒரு கடிதம் வந்தது. ‘தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டது. தற்போது ஒவ்வொரு குடும்பத்துக்கும் கதவு, மின்விளக்கு வசதியுடன் கூடிய தனிக் கழிப்பறை வழங்கப்பட்டுள்ளதால், தங்கள் கோரிக்கைக்குத் தீர்வு காணப்பட்டதெனக் கருதி மனு முடித்து வைக்கப்படுகிறது.’ ஒரு எழுத்துப் பிழை இல்லை. சொன்னதெல்லாம் உண்மை. நாலாவது மாடிக்குத் தண்ணீர் ஏறாது என்பதை மட்டும் எழுதவில்லை. நானும் மனுவில் தண்ணீர் கேட்டிருக்கவில்லை.

அம்மா ஆறு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. நைனா வேறு மாதிரி. அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை, கிண்டல்தான். என்னைப் பெண் பார்க்கத் திருவான்மியூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பக்கத்து வீடுகளிலிருந்தும் வந்து கூடத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். பையனின் அப்பா, “பொண்ணு இன்னா படிச்சிகீது?” என்று கேட்டார்.

“அரசியல் படிச்சா சார்” என்றார் நைனா. “படிச்சி முடிக்கறதுக்குள்ளயே எங்க ஏரியாவயே மாத்திட்டா.”

எங்கள் பக்கத்து ஆட்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். வந்தவர்கள் அதைப் பெருமை என்று நினைத்துக்கொண்டு என்னை மரியாதையோடு பார்த்தார்கள்.

“அப்டியா? எங்க தெருவுல லைட்டே எரியறதில்லம்மா. வந்தின்னா ஒரு மனு எழுதிக் குடு” என்றார் பையனின் அப்பா.

“அய்யோ, வேணாங்க. நீங்க நல்லாத்தான கீறீங்க” என்றார் நைனா.

அந்தக் குடும்பத்துக்கே மருமகளாகப் போனேன். விஷயம் தெரிந்த பிறகு அங்கேயும் இதே கிண்டல். நான் ஏதாவது எழுத உட்கார்ந்தால் என் மாமனார், “பொட்டி படுக்கையெல்லாம் கட்டிடட்டுமாம்மா?” என்று கேட்டுவிட்டுத்தான் நகர்வார். அம்மா வீட்டில் எந்த விசேஷம் நடந்தாலும் நைனா அந்த ‘ஏரியாவை மாற்றிய’ கதையைச் சொல்லாமல் விடுவதில்லை. பழைய ராசாத்தி தோட்டத்து ஆட்கள் மறுபடி மறுபடி கேட்டுச் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன்.

பேபி அக்கா மட்டும் சிரிப்பதில்லை. அவரை யாரும் சிரிக்கச் சொல்வதும் இல்லை.