முப்பத்தாறு பேருக்கு மேற்படாமல்

செம்பூரில் புதிதாகத் திறந்த தோசைக் கடைக்குப் போய்வராதவர்களை மனிதராக மதிப்பதில்லை என்று எங்கள் காலனி ஏகமனதாகத் தீர்மானித்திருந்தது. ரயில்வேயில் ரிடையரான பத்ரிநாராயணன், கல்யாண நாளன்று மனைவி அம்மிணியை அங்கே அழைத்துப்போனார். அன்று அடுப்புப் பக்கமே போவதில்லை என்று அம்மிணி காலையிலேயே சொல்லிவிட்டாள்.

வாசலில் சுஷ்மா என்ற பெண் பெயர்களை எழுதிக்கொண்டாள். ஒன்றரை மணி நேரம் நின்றபின், "பத்ரி அங்கிள், அடுத்து காலியாகிற டேபிள் உங்களுக்குத்தான்" என்றாள். அந்நேரம் பார்த்து லைசென்ஸ் இன்ஸ்பெக்டர் மாரீஸ்வரன் பரிசோதனைக்கு வந்து சேர்ந்தார்.

"உள்ளே முப்பத்தாறு பேர். லைசென்சும் முப்பத்தாறுக்குத்தான். சரி, வெளியே நிக்கிறவங்க யாரு?"

"சாப்பிடக் காத்துக்கிட்டு இருக்காக சார்" என்றார் முதலாளி பிரம்மநாயகம்.

"அப்ப அவங்களும் வாடிக்கையாளர்தான். அதுவும் முப்பத்தாறு. மொத்தம் எழுபத்திரண்டு. பாதிப்பேரை உடனே அப்புறப்படுத்தணும்."

"வெளிய நிக்கவுகள போகச் சொல்லிருதேன்."

"நடைபாதை என் இலாகா இல்லை. என் அதிகாரம் நிலைப்படிக்கு உள்ளேதான்."

ஆகவே உள்ளே இருந்த முப்பத்தாறு பேரும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, கையில் பாதித் தோசையுடன் வெளியேற்றப்பட்டார்கள். மீதி வேண்டுமே என்று வரிசையின் கடைசியில் போய் நின்றார்கள். கடை காலியானது. இன்ஸ்பெக்டர், "விதிமீறல் ஏதுமில்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

அம்மிணி உள்ளே எட்டிப் பார்த்தாள். "உள்ள ஒருத்தருமில்லையே. நாங்க ரெண்டு பேர் போய் உக்காரலாமா சார்?"

"தாராளமா. ஆனா வெளியே எழுபது, உள்ளே ரெண்டு. மறுபடி எழுபத்திரண்டாயிடும்மா."

இருவரும் வீடு திரும்பி, தயிரில் அவல் ஊறவைத்துச் சாப்பிட்டார்கள். மறுநாள் எதிர் ஃப்ளாட் ரஞ்சனா விசாரித்தாள்.

"என்ன கூட்டம் தெரியுமோ?" என்றார் பத்ரிநாராயணன். "எங்களுக்கே இடம் கிடைக்கலே."

அம்மிணி உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். பிறகு, ஒன்றரை மணி நேரம் நின்றது வீணாகக் கூடாதென்று நினைத்தாளோ என்னவோ, "பிரமாதமான இடம்" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை இருநூறு பேர். பிரம்மநாயகம் சமையற்காரர்களை ஊருக்கு அனுப்பிவிட்டு, பெயர் எழுத இன்னும் இரண்டு பெண்களை வேலைக்கு வைத்தார். இன்ஸ்பெக்டர் மாரீஸ்வரன் குடும்பத்தோடு வரிசையில் நின்றார்.

அவருக்கு நாலு பேர் பின்னால் நான். "இங்க தோசை எப்படி இருக்கும்?" என்று பின்னாலிருந்தவர் கேட்டார்.

"சுமாரா இருந்தா இத்தனை பேர் நிப்பாளா?" என்றேன்.