ஒற்றை விளக்கு வைத்தியர்

உங்கள் காரின் முகப்பு விளக்கு மஞ்சளடித்துப் போனது உங்களுக்குத் தெரிவதற்கு முன்பே தெரிந்துகொள்கிற ஓர் இனம் மதுரையில் உண்டு. மெக்கானிக்கைச் சொல்லவில்லை. மெக்கானிக் கூப்பிட்டால்தான் வருவார், பாதி நாள் கூப்பிட்டாலும் வரமாட்டார். விளக்கு வைத்தியர் அப்படியல்ல. நீங்கள் ஞாயிற்றுக்கிழமை வாளியும் துணியுமாக வண்டி கழுவ வாசலுக்கு வந்தால் போதும், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு எதிரே நிற்பார். குனிவார். விளக்கை நகத்தால் சுரண்டுவார். "ச்சு" என்பார். அந்த "ச்சு"வைக் கேட்ட பிறகு எந்த மனிதனாவது நிம்மதியாக வண்டி ஓட்ட முடியுமா?

கண்ணாடி விளக்கு இருந்த காலத்தில் இவர்கள் என்னதான் செய்துகொண்டிருந்தார்களோ! பிளாஸ்டிக் விளக்கு வந்தது, மதுரை வெயில் ஏற்கெனவே இருந்தது, இவர்கள் காட்டில் மழை.

எங்கள் வில்லாபுரத்துக்கு வாய்த்தவர் சீதாராமன். கையில் பற்பசை, தோளில் பழைய பனியன், முற்றிய கேஸுக்கு இடுப்பில் உப்புத்தாள். தேய்த்தால் பளிச்சென்று ஆக்கிவிடுவார், பொய் சொல்லக்கூடாது. ஆனால் ஒரு விளக்கைத்தான் தேய்ப்பார். "ரெண்டையும் தேச்சுட்டா வித்தியாசம் எப்பிடித் தெரியும்?" என்பார். அதனால் எங்கள் தெருக் கார்கள் எல்லாமே ஒரு கண் பளிச்சென்றும் மறுகண் மஞ்சள்காமாலையுமாக நிற்கும்.

செல்போனில் எல்லாரும் பாம்பு விளையாட்டு ஆடிக்கொண்டிருந்த காலம். பக்கத்து வீட்டு முத்துக்குமரன் பேங்கில் வேலை பார்க்கிற பையன். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போய், மூன்றாவதாகக் கீழக்குயில்குடியில் பாண்டிமீனா என்ற பெண்ணின் போட்டோவைப் பார்த்ததிலிருந்து சோறு இறங்காமல் கிடந்தான். பெண் பார்க்கப் போகிற அன்று, புதிதாக வாங்கிய பழைய காரைக் கழுவ வாசலுக்கு வந்துவிட்டான். பாவி!

"என்ன தம்பி, இந்த விளக்கோடயா பொண்ணு பாக்கப் போறீங்க?"

"வேணாம்ணே. நாலரைக்கு ராகு காலம். அதுக்குள்ள பொண்ணப் பாத்து முடிச்சாகணும்."

"அஞ்சு நிமிஷ வேலை தம்பி!"

அந்த அஞ்சு நிமிஷம் மூன்று மணிக்கு முடிந்தது. முடிந்ததோடு விட்டாரா? "காஞ்சதும் ஒரு துடை துடைக்கணும்" என்று பற்பசையோடு வண்டியிலும் ஏறிவிட்டார். முன்னால் முத்துக்குமரன், பக்கத்தில் தாம்பாளத்தை மடியில் வைத்த அவன் அம்மா மலையம்மாள், பின்னால் நானும் வைத்தியரும்.

கீழக்குயில்குடியில் பெண்ணின் அப்பா சோலை கும்பிட்டுக்கொண்டே வந்தார். மாப்பிள்ளையைப் பார்ப்பார் என்றுதானே நினைப்பீர்கள்? விளக்கைப் பார்த்தார். குனிந்தார். நகத்தால் சுரண்டினார். "ச்சு" என்றார்.

இங்கேயும் ஒரு வைத்தியர்!

"யாரு தேச்சது? பேஸ்ட்டா?"

"ஆமா, நான்தான்" என்றார் சீதாராமன்.

"அட ஏண்ணே! சலிச்ச சாம்பல்ல தேச்சிருக்கணும்."

"சாம்பலா? கீறல் விழுந்துரும்!"

"விழுமா? இந்தா, அந்த மஞ்ச விளக்குல காட்டுறேன். ஏய், அடுப்புச் சாம்பல அள்ளிட்டு வாங்க!"

ஆளுக்கொரு விளக்கின் முன்னால் குந்தினார்கள். ஒருவர் தேய்க்க மற்றவர் உறும, உறவுக்காரர்கள் பேஸ்ட் கட்சி, சாம்பல் கட்சி என்று பிரிந்து கூச்சல் போட, வீட்டுக்குள்ளே மாப்பிள்ளையும் அம்மாவும் நானும் பஜ்ஜித் தட்டைப் பார்த்தபடி தனியே உட்கார்ந்திருந்தார்கள். மணி நாலேகால். நேரம் தப்பினால் "இன்னொரு நாள் பாப்போம்" என்பார்கள். அந்த இன்னொரு நாள் எந்தக் காலண்டரிலும் கிடையாது. முத்துக்குமரன் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து அழுகிற நிலைக்கு வந்துவிட்டான்.

காப்பித் தட்டோடு பாண்டிமீனாவே வாசலுக்கு வந்துவிட்டாள்.

"அப்பா, காப்பி ஆறுது."

"இருத்தா, இன்னும் கொஞ்சந்தேன்!" திரும்பிக்கூடப் பார்க்கவில்லை மனுஷன்.

அவள் விறுவிறுவென்று உள்ளே வந்தாள். முத்துக்குமரனை நேராகப் பார்த்தாள்.

"நீங்களும் தேய்ப்பீகளா?"

"ஐயோ, குலசாமி சத்தியமா எனக்குத் தெரியாதுங்க!"

பாண்டிமீனா காப்பியை அவன் கையில் கொடுத்துவிட்டு மலையம்மாள் பக்கம் திரும்பினாள். "எனக்குச் சம்மதம் அத்தை. ஒரு வீட்டுக்கு ஒரு ஆளு போதும்."

நாலரைக்கு இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது. நான் எழுந்து நின்று கைதட்டிவிட்டேன். வாசலில் இருந்த இருவருக்கும் கல்யாணம் முடிவான செய்தி, விளக்கு காய்ந்த பிறகுதான் எட்டியது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். படித்துக்கொண்டு வரும்போது நடுவில், "அது வெள்ளைப் பேஸ்ட்டா, ஜெல்லா?" என்று உங்கள் மனசு கேட்டதா, இல்லையா?

கேட்டதா? சரி. உங்கள் மகளைப் பெண் பார்க்க வருகிறவர்களை மட்டும் தயவுசெய்து பஸ்ஸில் வரச் சொல்லிவிடுங்கள்.