பினாங்கில் மழை, பாலியில் வெயில்

ஜூலை மாதம் பினாங்கில் மழை எப்படி இருக்கும், பாலியில் வெயில் எப்படி அடிக்கும் என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எந்த ஊரில் அறை வாடகையோடு காலைப் பலகாரம் சேர்த்தி, எங்கே டாக்ஸிக்காரரிடம் பேரம் பேசலாம், எங்கே பேசினால் முறைப்பார்கள் எல்லாம் அத்துப்படி. இரண்டு ஊருக்கும் நான் போனதில்லை. போகாத ஊருக்கு வழி சொல்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். நான் போகாத ஊருக்குப் பட்டியலே போட்டவள்.

இணையத்தை மணிக்கணக்கில் கூறுபோட்டு விற்ற காலம் அது. எனக்கு இருபத்தைந்து வயது. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் கரமனைக்கு வாழ்க்கைப்பட்டு வந்திருந்தேன். வாழ்க்கைப்பட்டது என்னவோ அத்தானுக்கு. வாழ்ந்தது மாமனார் மாமியாரோடு. கல்யாணமான இருபத்திரண்டாம் நாள் அத்தான் சிங்கப்பூருக்கு விமானம் ஏறிவிட்டார். அங்கே கப்பல் கட்டும் தளத்தில் படம் வரையும் வேலை. ஓர் அறையில் நாலு பேர். மனைவியை அழைத்துக்கொள்ளும் அளவுக்குச் சம்பளம் ஏற வேண்டும், அனுமதி வர வேண்டும். பதினோரு மாதமாக ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத் தொலைபேசியில்தான் குடும்பம் நடந்தது. அதிலும் முதல் ஐந்து நிமிடம் மாமா, அடுத்த ஐந்து நிமிடம் அத்தை. எனக்கு வரும்போது, "அப்போ வச்சிரட்டா?" என்பதுதான் மிச்சம் இருக்கும்.

அந்த மே மாதம் அவர் மின்னஞ்சல் அனுப்பினார். ஜூலையில் ஏழு நாள் லீவு. ஊருக்கு வரட்டுமா?

நான் கிழக்கேகோட்டையில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்த்தேன். எதையும் கட்டம் போட்டுப் பார்த்தால்தான் எனக்கு மனசிலாகும். போட்டேன். வந்த நாளும் போகும் நாளும் கழிந்தது. குலதெய்வம் கோயில் ஒரு நாள். பெரியப்பா, சித்தப்பா, அத்தைமார் வீடு இரண்டு நாள். நாகர்கோவிலில் எங்கள் வீட்டு விருந்து ஒரு நாள். எனக்கு மிஞ்சியது ஒரு நாள்; அதிலும் பாதி நேரம் தூங்கிவிடுவார். வேண்டாம் அத்தான், மூன்றாவதாக ஓர் ஊரில் சந்திப்போம் என்று எழுதினேன். வீட்டில் இப்போது சொல்ல வேண்டாம், ஊர் முடிவானதும் சொல்லிக்கொள்ளலாம். (சொல்லத் தைரியமில்லை என்பதன் நாகரிக வடிவம்.)

பினாங்கா, பாலியா என்று ஒரு மாதம் ஓடியது. பினாங்கு என்றால் சிங்கப்பூரிலிருந்து பஸ்ஸிலேயே போகலாம், அறை மலிவு, தமிழ்ச் சாப்பாடு கிடைக்கும். ஆனால் புழுக்கம், எந்நேரமும் மழை வரலாம். பாலிக்கு விமானம்தான். ஜூலையில் மழையே கிடையாது, சுகமான காற்று. உலகமே அங்கே திரளும் என்பதால் எல்லாம் இரட்டை விலை. காசைப் பார்த்தால் பினாங்கு. வானத்தைப் பார்த்தால் பாலி. தினமும் ஆபீஸ் விட்டதும் ஒரு இன்டர்நெட் கஃபேயின் பலகைத் தடுப்புக்குள் உட்கார்ந்து கட்டங்களை நிரப்பினேன். வீட்டில் கம்ப்யூட்டர் கிளாஸ் என்று சொல்லியிருந்தேன்.

எங்கள் ஆபீஸுக்குக் கணக்கு காட்ட வருகிறவர் சசிதரன் சேட்டன். பயண ஏஜென்ட், யோக்கியர். "மோளு ரெண்டு ஊரையும் கம்பேர் செய்து ஒரு மெயில் அயச்சால் மதி. பாக்கி ஞான் நோக்கிக்கொள்ளாம்" என்றார். ஒப்பிட்டு ஒரு மெயில் அனுப்பினால் போதும், மீதியை அவர் பார்த்துக்கொள்வாராம்.

ஒரு வெள்ளிக்கிழமை இரண்டு மின்னஞ்சல் எழுதினேன். இரண்டும் ஆங்கில எழுத்தில். தமிழ் தட்டெழுத அப்போது எனக்குத் தெரியாது. ஒன்று சேட்டனுக்கு: கட்டம் கட்டமாக வாடகை, டிக்கெட், மழை, புழுக்கம், கடைசியில் 'தங்கள் உண்மையுள்ள'. இன்னொன்று அத்தானுக்கு. அதற்குக் கட்டம் இல்லை. வெளியே இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை கூரையைப் பிளந்துகொண்டிருந்தது. கஃபேக்காரர் தடுப்பைத் தட்டி, "சேச்சி, டைம் கழிஞ்ஞு. கரன்ட் இப்போ போகும், கேட்டோ" என்றார். நான் பதறி இதை அதிலும் அதை இதிலும் ஒட்டி அனுப்பிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு பாடிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். (பாடியது உண்மை. அதை நினைத்தால்தான் இன்னும் உடம்பு கூசுகிறது.)

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. மழையில் தொலைபேசி செத்துக் கிடந்தது. நான் அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். முன்னறையில் சசிதரன் சேட்டனின் குரல் கேட்டதும் துருவலோடு விரலும் சேர்ந்து வந்துவிட்டது.

"சாரே, போன் கிட்டுந்நில்லா. நாளைக்கு டிக்கெட் பிளாக் செய்யணும். மோளுடெ மெயிலில் எனிக்கு ஒரு சம்சயம்."

"என்ன டிக்கெட்?" என்றார் மாமா.

"பினாங், அல்லெங்கில் பாலி. இருபது வர்ஷமாயிட்டு ஞான் இந்த ஃபீல்டிலுண்டு, சாரே. எல்லாரும் மழ இல்லாத்த ஸ்தலம் கேக்கும். மழ வேணும்னு கேக்குந்ந ஒராளை இப்பழா காணுந்நது. பாக்கி தமிழ் எனிக்கு அத்ரக்கு மனசிலாயில்லா. இதில் 'அத்தான்'னு எழுதியிருக்கு. அது ஏதெங்கிலும் ரிசார்ட்டோ?"

நான் கதவருகே போவதற்குள், சேட்டன் அச்செடுத்து வந்த காகிதம் மாமா கைக்குப் போய்விட்டது. மாமா சர்க்கார் ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தக் காகிதம் வந்தாலும் நின்றுகொண்டு, உரக்க, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படிப்பார். மின்சாரக் கட்டண ரசீதைக்கூட அப்படித்தான். ஆங்கில எழுத்தில் தமிழைப் பார்ப்பது அவருக்கு அதுதான் முதல் தடவை. அசை பிரித்து, எழுத்துக் கூட்டி, என்ன படிக்கிறோம் என்று தெரியாமலேயே படித்தார்.

"அத்... தான்... பி... னாங்... குன்னாலும்... செரி... பாலின்... னாலும்... செரி. ஆனா... மழை... வேணும். வெயில்... அடிச்சா... ஊரு... சுத்திப்... பாக்கக்... கூட்டிட்டுப்... போயிருவீங்க. மழைன்னா... ரூம்... லயே... இருக்கலாம்..."

மாமாவின் குரலுக்கும் புத்திக்கும் நடுவே ஒரு வரி தூரம் இருந்தது. புத்தி வந்து சேர்வதற்குள் குரல் அடுத்த வரியில் இருக்கும். "உங்க... சட்டை... ஒண்ணு... தொவைக்காம... வச்சிருக்கேன். ராத்திரி..." இந்த இடத்தில் புத்தி ஓடிவந்து பிடித்துவிட்டது. மாமா நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

உள்வாசலில் அத்தை நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது. "ஏன் நிறுத்திட்டீங்க? படிங்க."

"இது... வேற ஆளுக்குள்ள காயிதமாக்கும்."

"என் மகனுக்குள்ளதுதானே? படிங்கன்னேன்."

மாமா சட்டையை ஒரு தாவாகத் தாவி, ஆபத்தில்லாத இடமாகப் பார்த்து இறங்கினார். இறங்கிய இடம் இது: "சாப்பாடு... எறங்கல்ல... அத்தான். அத்தை... வைக்க... தீயல்... கொழம்புல... உப்பே... இல்ல. யாருகிட்ட... சொல்ல?"

 சசிதரன் சேட்டனுக்கு அப்போதுதான் வெளிச்சமானது. "அய்யோ, இது பெர்சனலா!" என்று எழுந்தார். காகிதத்தை வாங்குவதா விடுவதா என்று கையை இரண்டு முறை நீட்டி மடக்கினார். பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

நான் தேங்காய்த் துருவல் தட்டை நெஞ்சோடு அணைத்தபடி நின்றேன். என்னென்ன திட்டு வரும் என்று மனதுக்குள் பட்டியல் போட்டேன். (பழக்கதோஷம்.) கம்ப்யூட்டர் கிளாஸ் பொய். துவைக்காத சட்டை. தீயல். எதில் தொடங்குவார்?

அத்தை எதிலும் தொடங்கவில்லை. "அவனுக்கு லீவு கிடைச்சிருக்கா?" என்றார்.

"ஆமா அத்தை."

"எத்தன நாளு?"

"ஏழு."

"ஏழு நாளு" என்று திருப்பிச் சொன்னார்.  காகிதத்தை மாமா கையிலிருந்து வாங்கி மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் நான் சந்தோஷமாக அழுதிருப்பேன்.

மத்தியானம் தீயல்தான் வைத்திருந்தார். எனக்கு இலை போட்டு, பக்கத்தில் உப்பு மரவையை நங்கென்று வைத்தார். நான் தலை நிமிரவில்லை. பரிமாறிவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"போதல்லேன்னா போட்டுக்கோ பிள்ளே. அவன் போனதுல இருந்து எனக்கும் நாக்குல ருசி இல்ல. உப்பு போட்டனா போடல்லையான்னே தெரிய மாட்டேங்குவு. உன் மாமா சொல்ல மாட்டாரு. நீயாவது சொல்லியிருக்கலாம்லா?"

நான் சாப்பிட்டேன். உப்பு சரியாகத்தான் இருந்தது. கண்ணீரும் சேர்ந்ததால் கொஞ்சம் கூடியே போனது. பதினோரு மாதம் அந்த வீட்டில் நான் ஒருத்திதான் காத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். என் கட்டங்களில் அத்தைக்கு ஒரு வரிகூட இல்லை.

திங்கட்கிழமை கஃபேயில் அத்தானின் பதில் காத்திருந்தது. பதினோரு மாதம் பிரிந்திருக்கும் மனைவியிடமிருந்து வாடகை, புழுக்கம், 'தங்கள் உண்மையுள்ள' என்று ஒரு கடிதம் வந்தால் மனுஷன் என்ன நினைப்பார்? 'நான் என்ன தப்பு செஞ்சேன்? எதுவானாலும் மன்னிச்சுக்கோ' என்று மூன்று மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். நான் ஒரே வரி எழுதினேன்: 'ஊருக்கு வாங்க அத்தான்.'

வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றியதும் அத்தை இடுப்பிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து நீட்டினார். "உனக்கு வந்த காயிதம் மக்கா. நாங்க எல்லாரும் படிச்சாச்சு. ஏஜென்டும் படிச்சாச்சு. இனி நீ படி." அவர் அங்கேயே நின்று படித்தார். படித்து முடித்து நிமிர்ந்து பார்த்த பார்வைக்காக இன்னும் பத்து ஏஜென்டுகளுக்கு அனுப்பியிருக்கலாம் என்று தோன்றியது.

கோயில், விருந்து, சித்தப்பா வீடு எல்லாம் என் கட்டத்தில் இருந்தபடியே நடந்தன. மழை மட்டும் ஏமாற்றிவிட்டது. இடவப்பாதி நேரத்தில் திருவனந்தபுரத்தில் ஏழு நாளும் ஒரு தூறல் இல்லை. பாலி வெயில்.

ஐந்தாம் நாள் காலை, கன்னியாகுமரியிலிருந்து மாமாவின் அக்கா, அத்தையின் பெரிய மதினி, வந்து இறங்கினார். நாங்கள் எங்கள் அறையில் இருந்தோம். கதவு சாத்தியிருந்தது.

"எங்க பிள்ளைகள?" என்று பெரிய மதினி கேட்பது கேட்டது.

அத்தை கண்ணிமைக்காமல் சொல்லியிருக்க வேண்டும். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. "பொன்முடி மலைக்குப் போயிருக்காவ, மதினி. ராத்திரிதான் வருவாவ."

"இந்த வெயில்லயா?"

"இங்கதான் வெயிலு. அங்க நல்ல மழையாம்."

பெரிய மதினி நிம்மதியாக உட்கார்ந்து காப்பி குடித்தார், இட்லி சாப்பிட்டார், மத்தியானச் சாப்பாட்டுக்கும் இருந்தார். நாங்கள் ஐந்தடி தூரத்தில், சாத்திய கதவுக்குப் பின்னால், மூச்சை அடக்கிக்கொண்டு பொன்முடியில் இருந்தோம். மின்விசிறி போட்டால் சத்தம் கேட்கும் என்று அதையும் போடவில்லை. அத்தானுக்கு ஒரு தடவை தும்மல் வந்தது. தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டார். பேச முடியாததால் பழைய டைரியில் எழுதி எழுதிக் காட்டிக்கொண்டோம். பதினோரு மாதத்தில் நான் அவருக்கு எழுதி, வேறு யாரும் படிக்காதது அந்த நான்கு பக்கம்தான். மூன்று மணிக்கு மதினியைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து அத்தை கதவைத் தட்டி, "எறங்கி வாங்க" என்றார்.

ஏழாம் நாள் அத்தான் போனார். எனக்கு அனுமதி வர இன்னும் ஒன்றரை வருஷம் ஆனது. அந்த ஒன்றரை வருஷமும் ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தை தன் ஐந்து நிமிடத்தில் இரண்டை எனக்கு விட்டுக்கொடுத்தார்.

போன மாதம் அத்தானின் பெரியப்பா பேரனுக்குக் கல்யாணம். மறுநாள் காலையில் தூரத்து உறவினர் ஒருவர் வந்து, "எங்க, பொண்ணு மாப்பிள்ளை?" என்றார். முன்னறையில் இருந்த நாலு பேரும் ஒரே குரலில், "பொன்முடி!" என்றோம். விவரம் தெரியாத புதுப்பெண் அடுக்களையிலிருந்து காப்பித் தட்டோடு வந்து, "இல்லையே, நான் இங்கதான இருக்கேன்" என்றாள்.

எண்பது வயதாகும் அத்தை நாற்காலியிலிருந்து கையை நீட்டி அவள் தட்டை வாங்கிக்கொண்டார். "நீ ஏன் பிள்ளே வெளிய வந்தே? உள்ள போ. அங்க நல்ல மழை."