மந்திரிக்காத டேப்லெட்

உமாமகேஸ்வரி கத்தரிக்கோலை டேப்லெட் பெட்டியின் மேல் வைத்து அழுத்தப் போன நேரத்தில், "டீச்சர், மந்திரிக்காம திறக்காதீங்க" என்று வாசலிலிருந்து குரல் வந்தது. தலைமையாசிரியை சிஸ்டர் அமலோற்பவம்.

உமா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். புது ஸ்கூட்டரின் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்காமல் தெருவில் இறக்காத குடும்பம் அவளுடையது. ஆகவே மந்திரிப்பதில் அவளுக்கு ஆட்சேபணை இல்லை. எப்போது என்பதுதான் கேள்வி.

"ஃபாதர் வலேரியன் மங்களூர்லேர்ந்து வந்ததும்."

"எப்ப வருவார் சிஸ்டர்?"

"குளியலறைல வழுக்கி விழுந்து கால்ல கட்டுப் போட்டிருக்காங்க. வந்துடுவாங்க."

வேறு சாமியாரைக் கூப்பிடலாமே என்று உமா கேட்டது பெரிய தப்பாகப் போயிற்று. சென்ற வருஷம் புதுத் தண்ணீர் கூலரை, வழியோடு வந்த ஒரு சாமியாரை வைத்து மந்திரித்துவிட்டார்கள். பங்குச் சாமியாரான வலேரியன் அப்புறம் இரண்டு மாதம் பள்ளிப் பூசைக்கே வரவில்லை. இந்தக் கன்னியர் சபையின் பள்ளிகளில் பஸ் ஆனாலும் சரி, ஜெராக்ஸ் மெஷின் ஆனாலும் சரி, பங்குச் சாமியார் தீர்த்தம் தெளிக்காமல் யாரும் தொடக் கூடாது. சபை தொடங்கிய காலத்திலிருந்து அப்படித்தானாம்.

ஜனக்புரியில் இருக்கும் இந்தப் பள்ளியில் உமா கம்ப்யூட்டர் டீச்சராகச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. நாலு வருஷமும் தற்காலிகம். ஒவ்வொரு மார்ச்சிலும் அடுத்த மார்ச்சைக் கைகாட்டுவார்கள். இந்த வருஷம்தான் ஒரு வழி பிறந்தது. டெல்லியையும் சுற்றுப்புறத்தையும் சேர்த்து சபைக்குப் பன்னிரண்டு பள்ளிகள். ஒவ்வொன்றிலும் ஆறாம் வகுப்பில் ஒரு பிரிவுக்கு மட்டும் டேப்லெட் கொடுத்து மூன்று மாதம் பரீட்சித்துப் பார்ப்பது என்று சபைத் தலைவி மதர் ஜெசிந்தா முடிவு செய்தார். பள்ளிக்கு நாற்பது டேப்லெட், ஒரு பெட்டி. இங்கே அதற்குப் பொறுப்பு உமா. ஒழுங்காக நடத்திக் காட்டினால் வேலை நிரந்தரம், சொதப்பினால் மூட்டை கட்ட வேண்டியதுதான். மதர் வாயாலேயே சொன்னது இது.

பன்னிரண்டு பள்ளிகளின் பொறுப்பாளர்களுக்கும் சேர்த்து ஒரு வாட்ஸப் குழு இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் அதில் அறிக்கை போட வேண்டும். முதல் வெள்ளி, ‘இன்னும் தொடங்கவில்லை’ என்று உமா உண்மையை எழுதினாள். மற்ற பதினோரு பேரும் தொடங்கியிருந்தார்கள். பரிதாபாத்தில் பிள்ளைகள் பூரித்துப் போயிருந்தார்களாம்.

ஐந்தே நிமிடத்தில் மதர் ஜெசிந்தா போன் செய்தார்.

"பதினோரு ஸ்கூல்ல ஆரம்பிச்சாச்சு. உங்களுக்கு மட்டும் நாள் நட்சத்திரம் பாக்கணுமா? அடுத்த வெள்ளிக்குள்ள முடியலேன்னா வேற ஆளப் போடுறேன்."

உமா ஓடிப்போய் சிஸ்டர் அமலோற்பவத்திடம் முறையிட்டாள். மந்திரிக்காமல் முடியாது என்றார் அவர். சரி, மந்திரிக்கவில்லை என்று மதரிடம் சொல்லிவிடலாமா என்றால், பங்குச் சாமியாருக்கும் பள்ளிக்கும் உள்ள மனஸ்தாபம் மேலிடத்துக்குத் தெரிந்துவிடும், அதுவும் கூடாது. அடுத்த வெள்ளி உமா, ‘தொடங்கிவிட்டோம்’ என்று எழுதினாள். சிஸ்டர் பொய் சொல்ல மாட்டார். அதனால் அறிக்கையின் நகலைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

மூன்றாவது வாரம் காஜியாபாத் பள்ளியில் கணக்குப் பாடம் பன்னிரண்டு சதவீதம் முன்னேறிவிட்டது. நாலாவது வாரம் பரிதாபாத்தில் பதினெட்டு. உமா எந்தக் கணக்கை எழுதுவாள்? பெட்டி வேறு சிஸ்டரின் அறையில், மாதா சுரூபத்துக்குக் கீழே, பிரித்தபாடில்லை.

அவள் கணவன் ரமேஷ்குமார் வங்கி அதிகாரி. காலை மெட்ரோவுக்குக் கிளம்பும்போது ஷூ மாட்டியபடியே யோசனை சொன்னான்.

"கொஞ்சம் குறையும் எழுதுடி. குறையே இல்லாத ரிப்போர்ட்ட எங்க பேங்க்ல ஒருத்தரும் நம்ப மாட்டாங்க."

அவளும் எழுதினாள். இரண்டு சார்ஜர்கள் சூடாகின்றன, ஜன்னலோரம் உட்காரும் பிள்ளைகளுக்கு வெளிச்சத்தில் திரை தெரிவதில்லை என்று கற்பனையில் தோன்றியதையெல்லாம் அடித்துவிட்டாள். மதர் ஜெசிந்தா மயங்கிவிட்டார். குறையை மறைக்காத ஒரே டீச்சர் என்று குழுவில் பாராட்டு வேறு.

அடுத்த வெள்ளி ஐந்து பள்ளிகளில் சார்ஜர் சூடானது.

தான் விளையாட்டாகச் சொன்னது நிஜமாகவே இந்த டேப்லெட்டின் கோளாறு போலிருக்கிறதே, பெட்டிக்குள்ளேயே தீப்பிடித்துக்கொண்டால் என்ன செய்வது என்று உமாவுக்குப் பயம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு தினமும் இரண்டு வேளை சிஸ்டரின் அறைக்குப் போய்ப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல்காரக் குழந்தையைத் தொட்டுப் பார்ப்பது போல இருந்தது அது. சிஸ்டர் அமலோற்பவம் அதைப் பக்தி என்று நினைத்துக்கொண்டு சந்தோஷப்பட்டார்.

ஆறாவது வாரம் மதர் போட்டோ கேட்டார். இதற்கும் உமா ஒரு வழி கண்டுபிடித்தாள். பரீட்சை அட்டைகளில் கறுப்புச் சார்ட் பேப்பரை ஒட்டி ஆறாம் வகுப்பு பி பிரிவுப் பிள்ளைகளின் கையில் கொடுத்தாள். டேப்லெட் வந்ததும் எப்படிப் பிடிப்பது என்று இப்போதே பழகிக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டு, கடைசி பெஞ்சுக்குப் பின்னால் நின்று போட்டோ எடுத்தாள். போட்டோ பிரமாதமாக வந்தது. குனிந்த தலைகளும் கறுப்புச் சதுரங்களுமாக, அவளுக்கே ஒரு நிமிடம் நம்பிக்கை வந்துவிட்டது.

மறுநாள் காலை ஏ பிரிவின் பெற்றோர்கள் இருபது பேர் கேட்டுக்கு வெளியே நின்றார்கள். முன்னால் நின்றவர் திருமதி சாவ்லா. எங்கள் குழந்தைகள் மட்டும் என்ன இளப்பமா, பி பிரிவுக்கு மட்டும் ஏன் என்று ஹிந்தியில் பொரிந்து தள்ளினார். அது வெறும் அட்டைதான் என்று உமா கூசிக் கூசி உண்மையைச் சொன்னாள்.

"அச்சா. அப்ப அந்த அட்டைய எங்க பிள்ளைங்களுக்கும் குடுங்க" என்பதுதான் திருமதி சாவ்லா ஹிந்தியில் சொன்ன பதிலின் சாரம்.

ஏ பிரிவுக்கும் அட்டை கொடுத்தார்கள். அடுத்த வாரம் ஒரு தகப்பனார், டேப்லெட்டைப் பார்த்துப் பார்த்து மகளுக்குக் கண்ணில் நீர் வடிவதாகவும், இருபது நிமிடத்துக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்றும் டைரியில் எழுதி அனுப்பியிருந்தார். உமா அதை மூன்று முறை படித்தாள். அப்புறம் அட்டை பிடிக்கும் நேரத்தை இருபது நிமிடமாகக் குறைத்தாள். வேறென்ன செய்வாள், பாவம்.

பன்னிரண்டாவது வாரம் அந்த இடி விழுந்தது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மதர் ஜெசிந்தா நேரில் வருகிறார். நிரந்தர உத்தரவைத் தன் கையாலேயே கொடுக்கப் போகிறார். கொடுப்பதற்கு முன்னால் வகுப்பையும் ஒரு தடவை பார்ப்பார்.

"சிஸ்டர், கைகூப்பிக் கேக்கறேன்" என்றாள் உமா. "நாலு வருஷமா இதுக்காகத்தான் காத்திருக்கேன். இப்பவாவது பெட்டியத் திறந்துடலாம்."

சிஸ்டர் அமலோற்பவத்துக்கும் மனசு கரைந்தது. மங்களூருக்குப் போன் போட்டார். ஃபாதர் வலேரியன் வீடியோவில் மந்திரிக்கச் சம்மதித்தார். அவர் அங்கிருந்து செபம் சொல்வார், சிஸ்டர் இங்கே தீர்த்தம் தெளிப்பார் என்று ஏற்பாடு.

திங்கட்கிழமை ஒன்பதரை மணிக்குப் போனைப் பெட்டியின் மேல் சாய்த்து நிறுத்தினார்கள். கட்டுப் போட்ட காலை நாற்காலியில் நீட்டியபடி ஃபாதர் செபத்தை நிதானமாக ஆரம்பித்தார். முடிவில் சிலுவை அடையாளம் வரையக் கையைத் தூக்கினார். கை மேலே போனது. கீழே வரவில்லை. நெட்வொர்க் போய்விட்டது.

"போதும் சிஸ்டர், பாதி சிலுவை விழுந்துடுச்சு."

"பாதிச் சிலுவைக்குப் பலன் கிடையாது டீச்சர். கை இறங்கட்டும்."

இருவரும் கைகூப்பியபடி, தூக்கிய கையோடு உறைந்துபோயிருந்த ஃபாதரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். எவ்வளவு நேரம் நின்றார்களோ தெரியாது. திரும்பினால் மதர் ஜெசிந்தா நிற்கிறார். அவருக்குப் பின்னால், சபையின் தலைமை இல்லத்து ஸ்டோரையும் வண்டியையும் பார்த்துக்கொள்ளும் தர்மன், பூங்கொத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

மதர் பெட்டியைப் பார்த்தார். சபையின் முத்திரை ஒட்டிய டேப் அப்படியே இருந்தது.

"இது இன்னும் பிரிக்கலையா?"

மதரே கத்தரிக்கோலை எடுத்தார். டேப்பைக் கிழித்து மூடியைத் திறந்தார். உள்ளே நாற்பது புத்தகங்கள் அடுக்காக இருந்தன. சபையின் நூற்றாண்டு விழா மலர். கெட்டி அட்டை, டேப்லெட் அளவு, டேப்லெட் கனம். விழா முடிந்து ஐந்து வருஷமாகியும் சீந்துவாரில்லாமல் கிடந்த மலர்.

சிஸ்டர் அமலோற்பவம் மாதா சுரூபத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். மதரின் முகம் வெளுத்துச் சிவந்தது. வாரா வாரம் அறிக்கையில் வந்த சார்ஜர்களும் ஜன்னலோர வெளிச்சமும் வரிசையாக அவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

"பெட்டி மாறி வந்தது கூடத் தெரியல உங்களுக்கு. இந்த மலர வச்சுக்கிட்டா மூணு மாசம் ரிப்போர்ட் எழுதினீங்க? என் வாழ்நாள்ல இப்படி ஒரு பொய்யப் பார்த்ததில்ல."

"தப்புதான் மதர்" என்றாள் உமா. கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது. "வேலை போயிடுமேன்னு பயந்துட்டேன். எல்லா ஸ்கூலும் அவ்வளவு நல்லா நடத்தும்போது நான் மட்டும் என்னன்னு சொல்றது?"

"அவங்களப் பத்தி நீங்க பேசாதீங்க. பதினோரு ஸ்கூல்ல உண்மையா உழைச்சிருக்காங்க. அவங்க ரிசல்ட்ட நம்பித்தான் எல்லா வகுப்புக்கும் டேப்லெட் வாங்கச் சொல்லி நேத்துக் கையெழுத்துப் போட்டேன்."

மதர் உத்தரவுக் கடிதத்தை உறையோடு திரும்பப் பைக்குள் வைத்தார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கதவுப் பக்கம் திரும்பினார்.

தர்மன் நகரவில்லை. பூங்கொத்தை மேஜையில் வைத்துவிட்டுப் பெட்டிக்குள் குனிந்து ஒரு மலரைப் புரட்டிப் பார்த்தான்.

"அப்ப டேப்லெட் பெட்டி பன்னெண்டும் நம்ம ஸ்டோர்லயேதான் இருக்கு மதர், எல்லா ஸ்கூலுக்கும் நான் ஏத்துனது இந்த மலர் இருந்த அடுக்கைத்தான்."